பத்தில் மூன்று போனால்

பாயான் லெப்பாஸிலிருந்து வரும் கம்பெனி பஸ்
ஏழு மணிக்கு என்னைக் குளுகோரில் இறக்கிவிடும்.
மோட்டாரை அணைக்காமலே
யஷ்மித்தாவை என் கையில் மாற்றிவிட்டு
அவள் அப்பா துறைமுகத்துக்குக் கிளம்புவார்.
ஒன்றும் ஒன்றும் இரண்டாக இருப்பது
எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குப் பதினோரு நிமிடம்.

தலை சீவியிருந்தாள், சப்பாத்தும் போட்டிருந்தாள்.
வீட்டுப்பாடம் மட்டும் முடிக்கவில்லை.
பாலர் பள்ளி வேன் வர இன்னும் நேரமிருந்தது.
பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் புத்தகத்தைப் பிரித்தோம்.

பக்கத்தின் தலைப்பு: வசந்த காலப் பூக்கள்.
கம்பளித் தொப்பி போட்ட ஒரு முயல்,
அதன் முன்னால் பத்து டியூலிப்.
முயல் மூன்று பூக்களைப் பறித்தது.
மீதி எத்தனை?

"வசந்தம்னா என்னம்மா?"

என்ன சொல்வேன்.
இந்தத் தீவில் மழை உண்டு, வெயில் உண்டு,
டுரியான் காலம் உண்டு, பள்ளி விடுமுறை உண்டு.
வசந்தி என்று எங்கள் பிரிவில் ஒரு சூப்பர்வைசர் உண்டு,
அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"மேலே பாரு" என்றேன்.
மூன்று வாரம் காய்ந்து கிடந்துவிட்டு
முந்தாநாள் ராத்திரி ஒரே ஒரு மழை.
டெக்கோமா மரம் இலையையெல்லாம் கொட்டிவிட்டு
மேலிருந்து கீழ்வரை இளஞ்சிவப்பாய் நின்றது.
தாழ்ந்த கிளை ஒன்றில் எண்ணினோம், விரல் நீட்டி,
இரண்டு முறை தப்பு விட்டு:
பத்து.

லாரி ஒன்று கடந்த காற்றில் மூன்று விழுந்தன.
கணக்குக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!
"இப்ப சொல்லு, மீதி எத்தனை?"

அவள் பெஞ்சிலிருந்து குதித்தாள்.
சாக்கடை ஓரம் போய்ப் பொறுக்கி வந்து
முயலின் முகத்தின்மேல் மூன்றையும் வைத்தாள்.
"பத்து."

"விழுந்தது போச்சுடி."
"எங்க போச்சு? இதோ இருக்கே."

ராத்திரி முழுக்க நான் செய்ததும் கழித்தல்தான்.
தட்டுக்கு நூறு சில்லு,
நுண்ணோக்கியில் குனிந்த கழுத்து,
கீறல் விழுந்ததெல்லாம் சிவப்புப் பெட்டிக்கு.
அதற்குப் பிறகு அவற்றை
ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்த்ததில்லை.

அதற்குள் மாநகர் மன்றத்து ஆள் வந்துவிட்டார்,
முதுகில் காற்றூதும் இயந்திரத்தோடு.
நடைபாதை முழுதும் பூக்கள் எழுந்து பறந்தன,
நூறோ, இருநூறோ, எண்ண முடியாத கூட்டல்.
ஒன்று அவர் மஞ்சள் அங்கியில் ஒட்டிக்கொண்டது.
"பதினொன்னு!" என்று கத்தினாள் என் மகள்.
இயந்திரத்தை நிறுத்தி, குனிந்து பார்த்து,
"செபெலாஸ்" என்று ஒப்புக்கொண்டார் அவர்.

வேன் ஹாரன் அடித்தது.
கட்டத்துக்குள் அவசரமாய் ஒரு ஒன்று,
பக்கத்தில் கட்டத்தை மீறிய பெரிய பூஜ்யம்.
அழிப்பான் என் கையில்தான் இருந்தது.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
பெற்றோர் கையெழுத்து என்ற கோட்டின்மேல்
தூக்கக் கலக்கத்தில் கோணலாய்க் கையெழுத்திட்டேன்.
இரண்டு பூவைப் பக்கத்துக்குள் வைத்து மூடினாள்,
மூன்றாவதை எனக்குத் தந்தாள், சம்பளம் மாதிரி.

மறுநாள் புத்தகம் திரும்பி வந்தது.
பத்தின்மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி.
அதன் கீழே, பென்சிலில்,
கோமளவல்லி டீச்சரின் பொடி எழுத்து:
பூ இரண்டு வந்து சேர்ந்தது. இன்னொன்று எங்கே?

சலவை இயந்திரத்தில் கையை விட்டுத் தேடினேன்.
நீலச் சட்டை, அதன் பை,
பைக்குள் அழிப்பான்,
அழிப்பானின் முதுகில் ஒட்டி,
நிறம் போய், நைந்து, ஈரமாய்,

இதோ இருக்கிறது, டீச்சர்.